உடையவர் போன பின்னர்

எமது அலுமாரியின் மேல்தட்டில், ஓய்வூதியப் பத்திரங்களுக்கும் பழைய புகைப்படங்களுக்கும் இடையே ஓர் அட்டை இருக்கிறது. நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மேல்மூலை ஒன்று சரிவாக வெட்டப்பட்டிருக்கிறது. அதில் 80 நிரல்கள், 12 நிரைகள். இலக்கம் ஒன்றுக்கு ஒரு துளை. எழுத்து ஒன்றுக்கு இரண்டு துளைகள். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால், பூச்சி அரித்த கடதாசியோ என்று கேட்கிறார்கள். நாமோ இத்தகைய அட்டைகளால் பதின்மூன்று ஆண்டுகள் சோறு உண்டோம்.

1973ஆம் ஆண்டில், கொழும்பில் ஒரு திணைக்களத்தில் அட்டைத் துளையிடும் வேலைக்குச் சேர்ந்தோம். தொழிலாளரின் சம்பளப் பட்டியல்களை அட்டைகளில் துளைகளாக மாற்றுவது எமது கடமை. அறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். எமக்கு எதிரே ஒரு சிங்களத் தோழி இருந்தார். அவருடைய வேலை சரிபார்த்தல். நாம் துளையிட்ட அட்டையை அவர் தம் பொறியிற் செலுத்தி, அதே விபரங்களை மறுபடியும் விரல்களால் அடிப்பார். இருவர் அடித்ததும் ஒன்றாயின், அட்டையின் வலது ஓரத்தில் பொறி ஒரு சிறு வெட்டை இடும். வெட்டு இல்லாத அட்டை அறையை விட்டு வெளியேறாது. ஒருவர் உழைப்புக்கு மற்றொருவர் உழைப்புச் சாட்சி சொன்ன காலம் அது.

1986ஆம் ஆண்டில் அப்பொறிகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. கேள்விப்பத்திரம் கோரினார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் நிறைக்கு விலை பேசி எடுத்தார். லொறியில் ஏற்றும்போது, படிக்கட்டின் ஓரத்தில் நாமும் தோழியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். “எத்தனை குடும்பத்தின் சோறு இதற்குள்ளாற் போனது!” என்று அவர் தம் மொழியிற் சொன்னார். எம்மிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பொறியையேனும் வைத்திருப்போமா, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்ற வினாக்கள் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2018ஆம் ஆண்டு வைகாசியில், தமக்கையின் மகனைப் பார்க்க அமெரிக்காவின் சியாற்றில் நகருக்குச் சென்றிருந்தோம். ஒருநாள் அவன், “சின்னம்மா, உங்கடை பழைய கந்தோர் ஒண்டு இஞ்சை இருக்கு, வாங்கோ” என்று சிரித்தபடி அழைத்துச் சென்றான். நகரின் தெற்கே, பண்டகசாலைகள் நிறைந்த பகுதியில் ஒரு கட்டடம். ‘உயிருள்ள கணனிகள்’ எனப் பொருள்படும் பெயருடைய நூதனசாலை அது. 2012ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

நூதனசாலை என்றால் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதே’ என்ற அறிவித்தலுமே எமக்குத் தெரியும். இங்கே நிலைமை நேர்மாறு. குளிரூட்டப்பட்ட அறையிலே, அலுமாரிகளை வரிசையாக நிறுத்தியது போன்ற பெரும் கணனிகள் இரைந்துகொண்டிருந்தன. 1967ஆம் ஆண்டில் பேர்டூ பல்கலைக்கழகத்துக்கு வந்த சி.டி.சி. 6500 என்னும் பெரும்பொறி மீண்டும் உயிர்பெற்று ஓடியது. அப்பிள் கம்பனியின் முதலாவது கணனியும் அங்கே இருந்தது. மூலையில் ஓர் அட்டைத் துளையிடும் பொறி. “இருந்து அடித்துப் பாருங்கள்” என்று அங்கு பணிபுரிந்த இளைஞர் கதிரையை இழுத்துப் போட்டார்.

அமர்ந்தோம். விரல்களுக்கு மறதி இல்லை. முதல் அட்டையில் எமது சிங்களத் தோழியின் பெயரை அடித்தோம். அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அந்த அட்டைதான் அலுமாரியில் இருப்பது. இளைஞர் எமது வேகத்தைப் பார்த்து வியந்து, எங்கே பழகினீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் மற்றப் பணியாளரையும் அழைத்துவந்து எமது விரல்களைக் காட்டினார். எமது வாழ்நாளில் எமது தொழிலை ஓர் அறிவென்று கருதி ஒருவர் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அந்நூதனசாலையை நிறுவியவர் போல் அலன். பில் கேற்ஸுடன் சேர்ந்து 1975ஆம் ஆண்டில் மைக்றோசொவ்ற் கம்பனியை ஆரம்பித்தவர். உலகின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். நாம் அங்கே சென்று ஐந்து மாதங்களில், 2018 ஒக்ரோபர் 15ஆம் திகதி, தமது 65ஆவது வயதில் புற்றுநோயால் இறந்தார். மனைவி மக்கள் இல்லாதவர். சொத்துக்களின் பொறுப்பு சகோதரி ஜோடி அலனிடம் வந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் பரவியபோது நூதனசாலையின் கதவுகள் மூடப்பட்டன. பணியாளர் கலைந்தனர். ஏனைய நூதனசாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, இது திறக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இனித் திறக்கப்படாது என்ற அறிவித்தல் வந்தது. அதே அறிவித்தலோடு, அலனின் சேகரிப்பில் இருந்து 150க்கும் மேற்பட்ட பொருள்கள் கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தின் மூலம் விற்கப்படும் என்ற செய்தியும் வந்தது.

அவ்வாண்டு புரட்டாதியில் ஏலம் முடிவுற்றது. ஸ்ரீவ் ஜொப்ஸின் அறையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அப்பிள் கணனி 945,000 டொலருக்குப் போனது. அணுகுண்டின் சாத்தியத்தை எச்சரித்து ஐன்ஸ்ரைன் 1939ஆம் ஆண்டில் ஜனாதிபதி றூஸ்வெல்ற்றுக்கு எழுதிய கடிதத்தின், அவர் கையொப்பமிட்ட மற்றொரு வடிவம் 39 இலட்சம் டொலருக்குப் போனது. 1971ஆம் ஆண்டின் பி.டி.பி.–10 என்னும் பெருங்கணனிக்கு ஏலக்காரர் முன்கூட்டி இட்ட மதிப்பீடு 30,000 முதல் 50,000 டொலர் வரையில். கிடைத்த பணம் தர்ம காரியங்களுக்கே செல்லும், அதுவே இறந்தவரின் விருப்பம் என்றார்கள்.

இங்கே நாம் நியாயம் தவறலாகாது. அலனைத் தூற்றுவதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. அவர் பணம் செலவிட்டிராவிட்டால் இப்பொறிகளிற் பல, எமது பொறிகளைப் போலவே லொறி ஏறி உலைக்குப் போயிருக்கும். ஓடாத கணனியை ஓடவைப்பது எளிய காரியமன்று. பல்லாண்டு சும்மா கிடந்த பொறியின் மின்கொள்ளளவிகள் வறண்டுவிடும். திடீரென மின்சாரம் கொடுத்தால் வெடித்துவிடும். காந்த நாடாவின் பசை இளகி ஒட்டிக்கொள்ளும். உதிரிப்பாகம் செய்தவன் கடையை மூடிப் பல காலம் ஆகியிருக்கும். ஒரு பொறியை எழுப்புவதற்குப் பொறியியலாளர் சிலர் ஆண்டுக்கணக்காக உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்குச் சம்பளம் கொடுத்தவர் அலன். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இவ்வளவு செய்தவர், தம் மூச்சு நின்ற பின் அந்தப் பொறிகளின் மூச்சு நில்லாதிருக்க வழி செய்தாரா?

2022ஆம் ஆண்டில் அவருடைய ஓவியங்கள் ஏலம் போயின. 150 கோடி டொலருக்கும் மேல் சேர்ந்தது. தனியொருவரின் சேகரிப்புக்கு அதுவரை கிடைத்திராத தொகை. ஓவியம் கைமாறினாலும் ஓவியமே. சுவரிலே மாட்டினால் முன்னர் தந்த காட்சியையே தரும். ஓடும் கணனி அத்தகையதன்று. அதனோடு அதனை இயக்கத் தெரிந்தவர், பழுது பார்க்கத் தெரிந்தவர், கைநூல்கள், நாடாக்கள், உதிரிகள் யாவும் சேர்ந்ததே அப்பொறி. ஏலத்திலே இரும்பும் கம்பியும் விலைபோகலாம். அதனைச் சூழ இருந்த மனிதர் கூட்டம் விலைபோகாது. பணியாளர் கலைந்த அன்றே பொறிகள் பாதி இறந்துவிட்டன. ஏலம் நடந்தது அந்தியேட்டிக் கிரியையே.

அதே நகரில் அலன் விட்டுச்சென்ற வேறு இரண்டின் கதையையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். ‘சினெராமா’ என்ற பழைய படமாளிகையை அவர் வாங்கிக் காப்பாற்றியிருந்தார். அதுவும் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் இலாப நோக்கற்ற திரைப்படச் சங்கம் ஒன்று வாங்கி மறுபடியும் திறந்தது. நகருக்கு வடக்கே எவெரெற்றில் இருந்த அவருடைய போர் விமான நூதனசாலையை 2022ஆம் ஆண்டில் வேறொரு பெருஞ்செல்வர் குடும்பத்தவர் வாங்கினார்; அடுத்த ஆண்டில் அது திறக்கப்பட்டது. ஒன்று சங்கத்திடம் போயிற்று. ஒன்று இன்னொரு தனவந்தரிடம் போயிற்று. கணனிகளோ ஏலத்திற்குப் போயின. மூன்று கதியையும் தீர்மானித்தது ஊரவர் அல்லர். உடைமை யாரிடம் இருந்ததோ அவர்களே தீர்மானித்தார்கள். நூதனசாலை என்று வாசலில் எழுதியிருந்தாலும், உள்ளே இருந்தது தனியுடைமை. பழைய பொறியியலாளர் பலர் தம் கருவிகளையும் கைநூல்களையும் நம்பிக்கையோடு அங்கே ஒப்படைத்திருந்தனர். பொதுமக்களுக்குக் கொடுப்பதாக எண்ணியே அவர்கள் கொடுத்தார்கள். பெற்றுக்கொண்டதோ ஒரு தனிமனிதரின் களஞ்சியம். நூதனசாலைகளின் ஒழுக்க விதிப்படி, சேகரிப்பில் ஒரு பொருளை விற்றால் அப்பணம் சேகரிப்பின் நலனுக்கே திரும்ப வேண்டும். சட்டப்படி நூதனசாலையாக இல்லாத இடத்தில் அந்த விதி எப்படி வந்து நிற்கும்?

அலனின் இளமைக் கதையைப் படித்தவர்களுக்கு இதில் வேறொரு வேதனையும் உண்டு. 1968ஆம் ஆண்டில், அவர் படித்த லேக்சைட் பாடசாலையின் தாய்மார் சங்கம் வீட்டுப் பழம்பொருள்களைச் சேர்த்து விற்றது. அப்பணத்தில் ஒரு ரெலிரைப் பொறியையும், தொலைவில் உள்ள கணனியை உபயோகிக்கும் நேரத்தையும் மாணவருக்கு வாங்கிக் கொடுத்தது. அதுவே அலனும் கேற்ஸும் தொட்ட முதற் கணனி. பின்னர் சியாற்றிலில் ஒரு கம்பனி தன் பி.டி.பி.–10 கணனியில் இச்சிறுவர்களை இரவில் அனுமதித்தது. வழுக்களைக் கண்டுபிடிப்பதே அதற்குக் கூலி. கம்பனியின் குப்பைத்தொட்டியில், பொறியாளர் வீசிய கடதாசிகளைத் தேடி எடுத்து, கணனியின் உள்நிரல்களை அவர்கள் படித்தார்கள். அலனே தம் நினைவுக் குறிப்பில் இதனை எழுதியிருக்கிறார். 1975ஆம் ஆண்டில் அல்ரெயர் என்னும் சிறு கணனிக்குப் பேசிக் மொழியை எழுதியபோது, அவர்களிடம் அல்ரெயர் இல்லை. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பி.டி.பி.–10 கணனியில், அந்தச் சிறு கணனியைப் போலவே நடந்துகொள்ளும் நிரலொன்றை அலன் எழுதினார். ஹாவாட்டின் அந்தக் கணனிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். அஃதாவது வரி செலுத்திய மக்கள்.

தாய்மாரின் பழம்பொருள் விற்பனை, பிறர் வீசிய கடதாசி, மக்களின் வரிப்பணம்: இவை மூன்றும் சேர்ந்து ஒரு செல்வரை ஆக்கின. ஊர் கூடிக் கொடுத்ததிலே தொடங்கியது, நியூயோர்க்கில் கூடிய ஏலத்திலே முடிந்தது.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், பொறிக்குள்ளேயே பலருடைய கைகள் இருக்கின்றன. அக்காலக் கணனிகளின் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. கடுகு போன்ற வளையங்கள் ஆயிரக்கணக்கில்; ஒவ்வொன்றின் ஊடாகவும் மெல்லிய கம்பிகளைக் கோத்தல் வேண்டும். கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்பெருக்கியைக் குனிந்து பார்த்து, ஊசியாற் பின்னுவது போலக் கோத்தார்கள். கூலி குறைந்த இடம் தேடி அந்த வேலை பிற்காலத்தில் கிழக்காசிய நாடுகளுக்கும் போயிற்று. ஏல அட்டவணையில் கம்பனியின் பெயர் உண்டு. உடையவரின் பெயர் உண்டு. கோத்தவளின் பெயர் எங்கும் இல்லை. துளையிட்டவளின் பெயரும் இல்லை. எம்மைப் போன்றவர்களுக்கு இது புதிதன்று. ஆயினும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படியாயின், தனியுடைமை தீது, அரசுடைமை நன்று என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாமா? அவ்வாறு எழுதவே முதலில் அமர்ந்தோம். வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைப்பதற்காகப் பிரித்தானியர் கொலோசஸ் என்னும் மின்னணுக் கணனிகளை அமைத்தார்கள். அவற்றை வடிவமைத்தவர் தபாற் திணைக்களப் பொறியியலாளர் ரொமி பிளவர்ஸ். பிளெச்லி பார்க்கில் அவற்றை இரவும் பகலும் இயக்கியவர்கள் கடற்படை மகளிர். போர் முடிந்ததும் அரசே பெரும்பாலானவற்றை உடைத்தெறிந்தது. வரைபடங்களை எரிக்குமாறு பிளவர்ஸுக்கே கட்டளை வந்தது. தம் கையாலேயே உலையில் இட்டார். அரசு காக்கவில்லை. எதனால் அது மீண்டது? சில பொறியியலாளர் விதியை மீறி ஒளித்து வைத்திருந்த வரைபடத் துண்டுகளும், எஞ்சிய சில புகைப்படங்களும், முதியவர்களின் ஞாபகமும் கைகொடுத்தன. 1993ஆம் ஆண்டில் ரொனி சேல் என்பவர் தொண்டர்களோடு தொடங்கிய வேலை 2007ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இன்று அப்பொறியைப் பிளெச்லி பார்க்கில் இயங்கக் காணலாம்.

கொழும்பில் எமது பொறிகளை நிறைக்கு விற்றதும் செல்வர் ஒருவர் அல்லர், பொதுத் திணைக்களமே.

மறுபுறத்தில், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இருந்த கணனி நூதனசாலையும் 1999ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் வேர் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற கம்பனியின் தலைவர் கென் ஒல்சனும் பொறியியலாளர் கோர்டன் பெல்லும் சேர்த்த சேகரிப்பு. 1973ஆம் ஆண்டில் குப்பைக்குப் போகவிருந்த வேள்விண்ட் என்னும் முன்னோடிக் கணனியைக் காப்பாற்றியவர்களுள் ஒல்சனும் ஒருவர். அவர்களும் வசதி படைத்தவர்களே. ஆயினும் அச்சேகரிப்பு எவருடைய தனிச்சொத்தாகவும் இருக்கவில்லை; இலாப நோக்கற்ற நிறுவனமொன்றின் கையிலே இருந்தது. ஆகவே பொஸ்ரனிற் கதவு மூடியபோதும் பொருள்கள் சிதறவில்லை. கலிபோர்ணியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள கணனி வரலாற்று நூதனசாலை அவற்றின் வழிவந்ததே. ஓய்வுபெற்ற பொறியியலாளர் அங்கே 1401 என்னும் பழைய ஐ.பி.எம். கணனியைத் தாமே திருத்தி, வருவோருக்கு ஓட்டிக் காட்டினார்கள். கட்டடம் போனது, நகரமும் மாறியது, சேகரிப்பு வாழ்ந்தது.

இக்கதைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு தனவந்தரின் அன்பு எவ்வளவு பெரிதாயினும், அது அவருடைய ஆயுளை விட நீளமானதன்று. அரசின் முத்திரை எவ்வளவு பெரிதாயினும், உள்ளே அக்கறை கொண்ட மனிதர் இல்லாவிடில், அது விற்பனைச் சீட்டில் குத்தும் முத்திரையே. இரண்டு வேண்டும். உடையவர் உயிரோடு இருக்கும்போதே, மீளப்பெற முடியாதவாறு, பொருளைப் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பிலே சட்டப்படி ஒப்படைத்துவிட வேண்டும். அதனைக் காக்கும் செலவுக்கும் ஒரு நிதி வைக்க வேண்டும். அதனோடு, பொருளைத் தொட்டு உழைத்தவர்களை அழைத்து, அவர்களுடைய கையறிவை இளையவர் கைக்கு மாற்ற வேண்டும். முன்னது இல்லாதபோது சியாற்றில். பின்னது இல்லாதபோது எமது கந்தோர்.

150 கோடி டொலர் ஓவியங்களை உடைய ஒருவருக்கு அத்தகைய நிதியொன்றை ஒதுக்குவது இயலாத காரியமாக இருந்திராது. தர்மத்துக்குப் பணம் சென்றது நல்லதே. ஆனால் மக்களுக்கு உரிய பொருளை விற்று மக்களுக்குத் தர்மம் செய்வதிலும், அப்பொருளை மக்களிடமே விட்டுச் செல்வது நேரான வழியன்றோ?

எமது நாட்டிலும் இதைப் பற்றிச் சிந்திக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். பழைய அச்சுக்கூடத்தின் ஈய எழுத்துக்களும், ஒலிபரப்புக் கருவிகளும், முதல் தலைமுறைக் கணனிகளும் யாரோ ஒருவர் வீட்டின் பின்விறாந்தையிலோ, ஏதோ ஒரு திணைக்களத்தின் களஞ்சியத்திலோ கிடக்கக்கூடும். உடையவருக்கு வயது ஏறுகிறது. கேள்விப்பத்திரம் எழுதும் இலிகிதருக்கு அது வெறும் நிறை. அப்பத்திரத்தில் ஒப்பமிடுமுன், அதிலே வேலை செய்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதே எமது வேண்டுகோள். அப்படிக் கேட்கப்படும் நாளில் எம்மிடம் பதில் இருக்கிறது. விரல்களும் இன்னும் இருக்கின்றன.

அலுமாரியில் இருக்கும் அட்டையை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. தோழியின் பெயர் பிழையின்றி விழுந்திருக்கிறது என்றே நம்புகிறோம். ஆனால் அதன் வலது ஓரத்தில் வெட்டு இல்லை. எமது அறையின் விதிப்படி அந்த அட்டை இன்னும் சரிபார்க்கப்படாதது.